வாங்கிய வீட்டோடு வந்த தண்ணீர் மீட்டர்: 15 மி.மீ. மல்டி-ஜெட் வைத்துக்கொள்ளத் தகுந்ததா?

பத்திரம் முடிந்து சாவி கைக்கு வந்த பிறகுதான் பல வீடுகளில் அது கண்ணில் படுகிறது. செடி மறைத்த மூலையில், மண் மூடிய இரும்பு மூடிக்குக் கீழே, யாரும் சொல்லாத ஒரு தண்ணீர் மீட்டர். பித்தளை உடம்பும் வட்டக் கண்ணாடியுமாக இருந்தால் அநேகமாக அது 15 மி.மீ. மல்டி-ஜெட் வகை, அதாவது பல சிறு துவாரங்கள் வழியே தண்ணீர் பாய்ந்து உள்ளே உள்ள சக்கரத்தைச் சுற்ற வைப்பது. எங்கள் மதிப்பீடு: யாருடையது என்று தெரியும்வரை ஒரு நட்டைக்கூடத் திருகாதீர்கள். உங்களுடையதுதான், ஓடவும் செய்கிறது என்றால் கழற்றாதீர்கள். கசிவு பிடிக்க இதைவிட எளிய கருவி வீட்டில் வேறு இல்லை.

யாருடையது என்பதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். கண்ணாடி வளையத்திலோ உடம்பிலோ வரிசை எண் பொறித்திருக்கும். அதைத் தண்ணீர் பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் அது வழங்குநரின் மீட்டர். கம்பியும் ஈய முத்திரையும் இருந்தால் அதைத் தொடவே கூடாது. எண் பொருந்தவில்லையா? மீட்டருக்குப் பக்கத்து வால்வை மூடிவிட்டு வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தோட்டக் குழாய் மட்டும் நின்றால் அது தோட்டத்துக்கான துணை மீட்டர். மாடிப் பகுதி மட்டும் நின்றால் முன்பு வாடகைக்கு விட்டதற்காகப் பிரித்துப் போட்டது. உங்கள் குழாய் எதுவுமே நிற்கவில்லை, ஆனால் வால்வைத் திறந்ததும் மீட்டர் மட்டும் சுற்றுகிறது என்றால், மேல்நிலைத் தொட்டி இல்லாத வீட்டில் பெரும்பாலும் இரண்டு வாய்ப்பு: பக்கத்து வீட்டுக்குப் போகும் இணைப்பு, அல்லது பூமிக்குள் உடைந்த பைப். முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்கள் தண்ணீரை நாள் முழுக்க மூடி வைத்துவிடக் கூடாது.

டயலைத் தப்பாகப் படித்துப் பதறுகிறவர்கள் நிறைய. கருப்பு எண்கள் கன மீட்டர். ஒன்று என்றால் 1000 லிட்டர். சிவப்பு முட்கள் அதன் பின்னங்கள். கருப்பில் 00417, முட்கள் வரிசையாக 3, 8, 2, 6 என்றால் அளவு 417.3826 கன மீட்டர். முள் இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால் சிறிய எண்ணை எடுங்கள். கடைசி முள்ளின் பக்கத்தில் 0.0001 என்றிருந்தால், அது ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1 லிட்டர் போயிருக்கிறது.

அடுத்து முகப்பில் உள்ள குறிகள். இந்த மீட்டரின் தரம் அங்கேதான் இருக்கிறது. கியூ3 2.5, ஆர்100 (Q3 2.5, R100) என்று போட்டிருந்தால், மணிக்கு 2500 லிட்டர் வரை தொடர்ந்து ஓடலாம். அதை 100-ஆல் வகுத்தால் வரும் 25 லிட்டர்தான் இது உறுதி தரும் மிகக் குறைந்த ஓட்டம். மணிக்கு 25 முதல் 40 லிட்டர் வரை பிழை 5 சதவீதத்துக்குள், அதற்கு மேல் குளிர்ந்த நீருக்கு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய மீட்டர்களில் இதற்குப் பதில் ஏ, பி, சி என்ற வகுப்புகள் இருக்கும். கியூஎன் 1.5 (Qn 1.5, வழக்கமான ஓட்டம் மணிக்கு 1500 லிட்டர்) அளவில் பி வகுப்பின் குறைந்தபட்ச ஓட்டம் மணிக்கு 30 லிட்டர், ஏ வகுப்புக்கு 60. ஏ வகுப்பு மீட்டரைக் கசிவு பிடிக்க நம்ப வேண்டாம்.

ஆர் எண்ணுக்குப் பின்னால் எச் (H) என்றிருந்தால் அந்த மதிப்பு படுக்கை வசத்துக்கு மட்டுமே. டயல் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். மண் இறங்கிச் சாய்ந்துவிட்ட மீட்டரில் உள்ளே சுற்றும் சக்கரத்தின் அச்சு ஒருபக்கம் உரசும். மெல்லிய ஓட்டம் கணக்கில் வராமலே போய்விடும். உடம்பில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

சரியாக அளக்கிறதா என்று சோதிக்க ஒரு 20 லிட்டர் வாளி போதும். வாளியின் கோட்டை நம்பாமல் எடை போடுங்கள்: 20 கிலோ தண்ணீர் 20 லிட்டர். குழாயை நன்றாகத் திறந்து ஐந்து வாளி பிடித்தால் டயல் 98 முதல் 102 லிட்டருக்குள் காட்ட வேண்டும். பிறகு, ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப நான்கு நிமிடம் ஆகும்படி மெல்லிய நூலாகத் திறந்து விடுங்கள். அது மணிக்கு 15 லிட்டர் ஓட்டம், ஆர்100 உறுதி தரும் 25 லிட்டருக்கும் கீழே. பல பழைய மீட்டர்கள் இங்கேதான் தோற்கின்றன. அச்சுத் தேய்மானமும் உப்புப் படிவும் சேர்ந்து சக்கரத்தை இறுக்குகின்றன. குறைவாகக் காட்டினால் லாபம் என்று நினைக்க வேண்டாம். சொட்டும் கசிவும் அதே அளவுக்கு மறைந்துவிடும். அதிகமாகக் காட்டினால், சக்கரத்தைச் சுற்றியுள்ள சிறு துவாரங்களில் சில அடைத்து, மீதித் துவாரங்களில் தண்ணீர் வேகமாகப் பாய்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

இதன் பெரிய பலம், டயல் நடுவில் உள்ள சின்ன நட்சத்திரம் அல்லது முக்கோணம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அதன் ஒரு முனையையே பாருங்கள். மெதுவாக, விட்டு விட்டு நகர்ந்தால்கூடத் தண்ணீர் எங்கோ போகிறது. முன்னும் பின்னும் ஆடி அதே இடத்துக்குத் திரும்பினால் அது அழுத்தம் ஏறி இறங்குவது, கசிவு அல்ல. ஆடாமல் நின்றாலும் டயலைப் படம் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ஒப்பிடுங்கள். சுற்றுகிறது என்றால் வீட்டுக்குள் நுழையும் இடத்து வால்வை மூடுங்கள். அப்போதும் சுற்றினால் கசிவு மீட்டருக்கும் அந்த வால்வுக்கும் இடையில். நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள். முதலில் ஃப்ளஷ் டேங்கில் சாயத்தைக் கலந்து, தண்ணீர் விடாமல் 20 நிமிடம் கழித்துப் பீங்கானில் சாயம் தெரிகிறதா என்று பாருங்கள். கடைசி முள் நிமிடத்துக்கு ஒரு சுற்று போட்டால் நாளுக்கு 1440 லிட்டர்.

மேல்நிலைத் தொட்டி வழியாகத் தண்ணீர் வரும் வீட்டில் இந்தச் சோதனை அரைகுறைதான். மீட்டருக்குத் தெரிவது தொட்டி வரையிலான பைப் மட்டுமே. தொட்டிக்கு முந்தைய வால்வை மூடிவிட்டுச் சோதித்தால் பூமிக்குள் போகும் பைப்பின் நிலை தெரியும். தொட்டிக்குப் பின்னால் உள்ள கசிவுக்குத் தொட்டியின் நீர்மட்டத்தைத்தான் குறித்துப் பார்க்க வேண்டும்.

பலவீனம் என்றால் காற்று. விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் இடங்களில் காலிப் பைப்பில் இருக்கும் காற்று முதலில் மீட்டர் வழியே பாயும், சக்கரம் அதையும் தண்ணீர் என்றே எண்ணும். வால்வை மெதுவாகத் திறப்பது ஓரளவு உதவும். மீட்டருக்கு முன்னால் காற்று வால்வு வைப்பது சரியான தீர்வு, ஆனால் அந்தப் பகுதி வழங்குநருடையது. அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள்.

ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டருக்கு மாறலாமா? சுழலும் பாகமே இல்லாததால் தேய்மானம் இல்லை, மெல்லிய ஓட்டத்தையும் பிடிக்கும். ஆனால் பேட்டரி தீர்ந்தால் பல மாடல்களில் முழு மீட்டரையும் மாற்ற வேண்டும். தண்ணீரில் மணல் அதிகம் வரும் வீட்டுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்போம். மற்றவர்களுக்குப் பழையது சோதனையில் தேறினால் அதுவே போதும்.

உங்கள் சொந்தத் துணை மீட்டரை மாற்றுவதாக இருந்தால், பழையதன் நீளத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 15 மி.மீ. மீட்டரிலேயே 110, 165, 190 மி.மீ. என நீளம் மாறும். 15 மி.மீ. என்று பெயர் இருந்தாலும் மீட்டரின் மரை பொதுவாக முக்கால் அங்குலம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரும்பு பைப் என்றால், மீட்டரைக் கழற்றும் முன் இரு பக்கப் பைப்பையும் தடித்த செம்புக் கம்பியால் கிளாம்ப் போட்டு இணையுங்கள். பழைய வீடுகளில் மின் எர்த் அந்தப் பைப் வழியே போகலாம், இடையில் அறுத்தால் ஷாக் அடிக்கும். புதியதை மாட்டும் முன் பைப்பைத் திறந்து அழுக்கை வெளியேற்றிவிடுங்கள். மீட்டரைப் பைப்போடு இணைக்கும் யூனியன் நட்டில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். கசிவை அடைப்பது தட்டை வாஷர்தான், பழைய வாஷரை மறுபடி போடாதீர்கள். வால்வைக் கால் திருப்பாகத் திறந்து, காற்று வெளியேறிய பிறகு முழுதாகத் திறங்கள். முதல் அளவைத் தேதியோடு எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.