வெட்டி ஒட்டிக் கொடுத்த பன்னிரண்டு அம்புகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ரிகர்வ் வில்லோ (நுனிகள் வெளிப்புறமாக வளைந்தது) லாங்போவோ (நீண்ட எளிய வில்) எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போகும் நம் தமிழர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்தச் சிலரில் இன்னொருவரும், என் வில்லுக்குப் பொருந்தாத அம்புகளைக் கடையில் வாங்கி நான் மாட்டிக்கொண்டதைப் போல மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என்னுடைய வில் நாணை 28 அங்குலம் இழுக்கும்போது 45 பவுண்டு விசை காட்டும் ரிகர்வ். முதலில் மர அம்புத்தண்டுகளையும், பிறகு 6.2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சாதாரண கார்பன் தண்டுகளையும் பல ஆண்டுகள் குறையில்லாமல் எய்துவந்தேன். சென்ற ஏப்ரலில், குளிர்கால வேட்டைக்கு முன்பாக ஒரு டஜன் அம்பு வாங்கப் போனபோது, 4.2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மெல்லிய தண்டுகளைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். தைப்பூசக் காவடியின்போது கோவிலில் பார்த்துப் பழகிய மனிதர் என்பதால் அவர் பேச்சை நான் சந்தேகிக்கவில்லை. "தம்பி, காற்று இதை அசைக்காது, இனி யாரும் அந்தத் தடித்த அம்பைத் தொடமாட்டார்கள்" என்றார்.

காற்றைப் பற்றி அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் எனக்குத் தேவையில்லாத உண்மை. மெல்லிய தண்டு முதலில் பேர்பெற்றது 70 மீட்டர் தொலைவுக்கு எய்யும் போட்டிக்காரர்களிடம்தான். பதினைந்து மீட்டருக்குள் நெருங்கிய பிறகே நாணை இழுக்கும் நமக்குக் காற்றுத் தள்ளல் ஒரு பொருட்டே அல்ல. வேட்டைக்காரனுக்கு இதில் கிடைக்கும் உண்மையான ஆதாயம் ஊடுருவல். வேட்டை முனையின் கழுத்தை விடத் தண்டு மெல்லியதாக இருந்தால், முனை திறந்த வழியில் உராய்வு குறைந்து அம்பு ஆழமாகச் செல்லும். 1980களில் இதே நேட்டால் மாகாணத்தில், அம்பின் ஊடுருவலை ஆராய்ந்த எட் ஆஷ்பி நடத்திய சோதனைகளிலிருந்து தொடங்கி இது திரும்பத் திரும்பப் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஆதாயம், அம்பு வளையாமல் ஆடாமல் நேராகப் போய்த் தைத்தால் மட்டுமே கிடைக்கும். கடையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட எழவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் எடுத்துக் கொடுத்தவை 400 ஸ்பைன் என்று அச்சிட்ட தண்டுகள். ஸ்பைன் என்பது தண்டின் விறைப்பைக் காட்டும் எண்; எண் சிறிதானால் விறைப்பு அதிகம். எந்த அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அது நுனிகளில் கப்பிகள் பூட்டிய காம்பவுண்டு வில்லுக்கானது. காம்பவுண்டு வில்லில் கைப்பிடி மையத்தைத் தாண்டி வெட்டப்பட்டிருக்கும், நாணையும் பெரும்பாலும் விசைக்கருவியால் விடுவிப்பார்கள். ஆகவே அது விறைப்பான தண்டையும் பொறுத்துக்கொள்ளும். விரலால் நாணை விட்டு, கைப்பிடிக்கு மேலே அம்பு அமரும் மேடையிலிருந்தே எய்கிறவருக்கோ தண்டு வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போயாக வேண்டும். என்னுடையதைப் போன்ற 45 பவுண்டு வில்லுக்கு 500 அல்லது 600இல் தொடங்கிப் பார்ப்பதே வழக்கம். 400ஐத்தான் எய்ய வேண்டுமென்றால் தண்டை நீளமாக விட்டு, முன்பக்கம் கனமான முனையைப் பூட்டி அதன் விறைப்பைத் தளர்த்த வேண்டும். அவரோ நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பன்னிரண்டு தண்டுகளையும் 29 அங்குலத்துக்கு வெட்டி, 100 கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) முனைகளுக்கான அலுமினிய வெளியுறைகளை, அதாவது தண்டின் நுனிக்கு மேல் மாட்டி முனையைத் தாங்கும் உறைகளை, அவசரப் பசையால் ஒட்டி, இறகும் பதித்துக் கொடுத்துவிட்டார். தண்டு குட்டையாகக் குட்டையாக விறைப்பு ஏறும், வெட்டியதை மீண்டும் நீட்டவும் முடியாது என்பதெல்லாம் தெரிந்திருந்தும், "வேலை சுறுசுறுப்பாக நடக்கிறதே" என்று மகிழ்ந்து 3,600 ரேண்டை எண்ணிக் கொடுத்தேன். என் பங்கு முட்டாள்தனம் அது.

வீட்டுப் பின்புறத்தில் இலக்கை வைத்து எய்தபோதே அம்பின் வால் பக்கவாட்டில் ஆடியது. ஓர் அம்பின் இறகுகளைச் சீவிவிட்டு எய்ததில் அது மற்றவற்றுக்கு ஒரு சாண் இடப்பக்கமாகத் தைத்தது; வலது கையால் நாண் இழுப்பவருக்கு இது பொதுவாக விறைப்பு மிகை என்பதன் அடையாளம். கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் விரல் விடுகை சரியில்லை என்றும், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றும் பதில் வந்தது. அதை நம்பி மேலும் இரண்டு வாரம் என் விரல்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் ஃப்ரைஹைட் நகரத்துக்கு அப்பால் உள்ள ஒரு தனியார் வேட்டைப் பண்ணையில், பதினாறு மீட்டரில் நின்ற இம்பாலா மானின் மீது எய்தேன். ஆடிக்கொண்டே போன அம்பு தோள்பட்டையில் சாய்வாகப் பட்டு, வெளியுறை மடங்கி, தண்டு முன்பக்கத்தில் நார்நாராகப் பிளந்தது. நான்கு விரற்கடை ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. மாலை வரை தடம் பார்ப்பவரும் அவருடைய நாயும் தேடிக் கண்டுபிடித்த பிறகு, வழிகாட்டி துப்பாக்கியால் அதன் வேதனையை முடித்துவைத்தார். அந்த விலங்கு பட்ட பாட்டுக்குக் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. ஆடுகிற அம்போடு காட்டுக்குள் போனவன் நான்தான். கார்பன் சிம்புகள் கலந்திருக்கலாம் என்பதால் தோள்பட்டை இறைச்சி முழுவதையும் வெட்டி எறிந்தோம்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியதை முதலிலேயே செய்திருக்கலாம். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளை நிறுத்தி, தண்டின் நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தாழ்கிறது என்று அளப்பதுதான் ஸ்பைன் எண். 400 என்றால் 0.400 அங்குலம் தாழ வேண்டும். மீதமிருந்த பதினொன்றும் 0.36 முதல் 0.44 வரை ஆளுக்கொரு பக்கம் நின்றன. எடை 460 கிரெய்ன் என்று சொல்லி விற்றவை, தராசில் 398 முதல் 431 வரை காட்டின. தண்டை விரல் நகங்களின் மேல் சுழற்றிப் பார்த்தால் ஐந்தில் முனை வட்டமடித்தது; தண்டு கோணலா, உறை கோணலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டில் உறையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் கண்டேன். விரிசல் விழுந்த கார்பன் தண்டு நாணை விடும் கணத்தில் சிதறி, வில் பிடித்த கைக்குள் பாயக்கூடும். ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் தண்டை இரு கையாலும் மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கேட்டுவிட்டு எய்யுங்கள். நொறுங்கும் ஒலி கேட்டால் உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

கடைக்காரரிடம் இத்தனை அளவுகளையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வெட்டிய அம்பைத் திருப்பி எடுப்பதில்லை" என்று சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். வெட்டியவர் நானல்ல, அவர். இங்குள்ள 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்வதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை வாங்கியவரே தீர்மானிக்கலாம். கடைச் சுவரின் பலகையால் அந்த உரிமையைப் பறித்துவிட முடியாது. இதை எழுத்தில் அனுப்பிய பிறகுதான் அவர் குரல் இறங்கியது. இரண்டு தவணைகளில் 3,120 ரேண்டு வந்துசேர்ந்தது. வெட்டுக்கூலியும் ஒட்டுக்கூலியும் என்று 480 ரேண்டைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தொகைக்காக நுகர்வோர் பொருள் மற்றும் சேவை குறைதீர்ப்பாளரிடம் புகார் அளித்திருக்கிறேன்.

மெல்லிய தண்டின் மீது எனக்குக் கோபமில்லை. இப்போது வேறிடத்தில் 5.2 மில்லிமீட்டர் உள்விட்டமும் 500 ஸ்பைனும் உள்ள ஒரே ஒரு தண்டை, வெட்டாமல் முழு நீளத்துக்கு வாங்கி, முனையை மாற்றி மாற்றி இறகில்லாமல் எய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று 175 கிரெய்ன் முனையோடு அது என் பழைய அம்புகளின் பக்கத்திலேயே தைத்தது. மற்ற பதினொன்றை இன்னும் வாங்கவில்லை.