ஆமை தொட்டிக்கு ரெண்டு சென்சார் தெர்மாமீட்டர்

கார்ன் ஸ்னேக் ஆசையெல்லாம் இருக்கு, ஆனா சிங்கப்பூர்ல பாம்பு வளர்க்க சட்டம் விடாது, அதனால நம்ம வீட்ல ரெட் இயர்ட் ஸ்லைடர் ஆமைதான், அதுக்குத்தான் இந்த டிஜிட்டல் தெர்மாமீட்டர செராங்கூன் நார்த்ல வாங்கினேன். ஒரு சென்சார் வயர் தண்ணிக்குள்ள, இன்னொன்னு சூடு குடுக்குற பல்புக்கு நேர் கீழ கல்லு மேல. தண்ணி 25-28 டிகிரி, கல்லு 32 பக்கம் இருந்தா ஆமை தானா ஏறி காயும். இந்த ஊர் சூட்டுக்கு தண்ணிக்கு ஹீட்டரே தேவையில்ல லா, ஆனா ராத்திரி ஏர்கான் போட்டா எவ்வளவு இறங்குதுன்னு இதுல பளிச்சுனு தெரியுது, வெளிய ஒட்டுற ஸ்டிக்கர் டைப்லாம் கண்ணாடி சூட்டைத்தான் காட்டும். விலைக்கு நல்ல சாமான். வயர கண்ணாடில ஒட்டுற சக்ஷன் கப் மட்டும் படு மோசம், ஒட்டவே மாட்டேங்குது, ஆமை வேற இழுத்து போட்டுடும், கேபிள் டை போட்டு கட்டிடுங்க.