சுங்கை சிப்புட் பார்மசிகளில் குழந்தைகளுக்கான இரும்புச்சத்து மருந்து: எதை வாங்கலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுன் பார்மசியில் இப்போது கண்ணுக்கு நேரான தட்டில் நிற்பது, ‘பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் காக்கும் பொருள்) இல்லை’ என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட 30 மில்லி இரும்புச்சத்துச் சொட்டு மருந்து. கீழ்த்தட்டில் இருக்கும் சாதாரண சிரப்பைவிட விலை இரு மடங்குக்கு மேல். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அந்தப் பச்சை எழுத்துக்காக அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிரப்பில் சோடியம் பென்சோவேட் என்ற பிரிசர்வேட்டிவ் 0.1 விழுக்காடு என்றால், 5 மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் உறுதிசெய்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 50. உள்ளே போவது அதில் பத்தில் ஒரு பங்குதான்.

பிறந்து 4 வாரம் ஆகாத சிசுவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைப் பென்சோவேட் பெயர்த்துவிடும். மஞ்சள் காமாலை கூடலாம். லேபிளில் பென்சைல் ஆல்கஹால் என்ற இன்னொரு பிரிசர்வேட்டிவ் இருந்தால் அதையும் சிசுவுக்குத் தரவே கூடாது. அந்த வயதில் டாக்டர் சொல்லாமல் எந்த மருந்தும் வேண்டாம்.

உண்மையில் பிரிசர்வேட்டிவ் இல்லாத போத்தலுக்குத்தான் கவனம் அதிகம் தேவை. சொட்டுக்குழாய் பிள்ளையின் நாக்கில் பட்டு மறுபடி போத்தலுக்குள் போனால் எச்சிலும் கிருமியும் சேர்ந்தே போகும். தகரக் கூரை வீட்டில் மதியச் சூட்டில் அது பெருக நேரம் பிடிக்காது. திறந்த தேதியை லேபிளில் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். திறந்தபின் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள்தான். கழுத்தில் பூஞ்சைப் புள்ளியோ புளித்த வாடையோ தெரிந்தால் பாதி மருந்து மிச்சமிருந்தாலும் வீசிவிடுங்கள்.

எங்களைக் கவலைப்பட வைப்பது இரும்பின் அளவுதான். சொட்டு மருந்து அடர்த்தியானது. 1 மில்லியில் 15 மில்லிகிராம் இரும்பு என்று எழுதியிருக்கும் போத்தலை சிரப் என்று நினைத்து 5 மில்லி கரண்டியில் ஊற்றினால் 75 மில்லிகிராம் போய்விடும். ரத்தசோகைக்கு டாக்டர் தருவதே நாளுக்குக் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம்தான். 30 மில்லி போத்தல் முழுவதும் 450 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளை குடித்துவிட்டால் கிலோவுக்கு 45. 20-ஐத் தாண்டினாலே நஞ்சின் அறிகுறிகள் தொடங்கலாம், 60-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட மருந்துக்கு, பிள்ளை சுலபமாகத் திறக்கும் சாதாரணத் திருகுமூடி போட்டிருப்பது பெரிய குறை. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

வாங்கும்போது ‘ஃபெரஸ் சல்ஃபேட்’ என்ற இரும்பு உப்பின் எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் இரும்பு ஏறத்தாழ 20 விழுக்காடு, ஃபியுமரேட்டில் 33, குளுக்கோனேட்டில் 12. ‘எலிமென்டல்’, அதாவது தனி இரும்பு, என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு. எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இல்லாத போத்தலை எடுக்காதீர்கள். முகம் வெளுத்திருக்கிறது என்று மட்டும் பார்த்துத் தொடங்கவும் வேண்டாம். பிள்ளை தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கேரியராகவும் இருக்கலாம். கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முதலில்.

எங்கள் தேர்வு கீழ்த்தட்டு சிரப். மிச்சமாகும் காசில் ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். அதைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்து மெதுவாக அழுத்தி, பின்னால் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் பல்லில் கறை படிவது குறையும். தே ஓ (பால் கலக்காத தேநீர்), பால் இரண்டுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.