யாழ் டவுனில வாங்கின வோசிங் மெசினும் "கொம்பனியோட கதையுங்கோ" எண்ட பதிலும்

முதலே சொல்லுறன், இந்தக் கடையில விலை பரவாயில்லை, டெலிவரி சரியான வேகம், வந்த பெடியள் மெசினை உள்ளுக்குத் தூக்கி வச்சு, லெவல் பாத்து, பைப் பூட்டி, ஒருக்கா ஓடவிட்டுக் காட்டிப்போட்டுத்தான் போனவங்கள். அதில ஒரு குறையும் சொல்ல மாட்டன். பிரச்சினை முழுக்க அதுக்குப் பிறகுதான். கடையின்ர பேர் போடேல்ல, ஏனெண்டா இது ஒரு கடையின்ர பழக்கம் மட்டும் இல்லை, கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கம் சாமான் எடுத்த எங்கட சொந்தக்காரர் கனபேர் இதே பதிலைத்தான் கேட்டிருக்கினம்.

மெசின் ஃபுல்லி ஓட்டோமெற்றிக், மேலால உடுப்புப் போடுறது. முன்பக்கத்தில பெரிசா "10 வருட உத்தரவாதம்" எண்டு ஸ்ரிக்கர். வொறன்ரிக் கார்ட்டை விரிச்சு வாசிச்சா அந்த 10 வருசம் மோட்டருக்கு மட்டும்தான், மற்ற எல்லாத்துக்கும் ஒரு வருசம். இப்பத்தைய இன்வேட்டர் மோட்டர் எண்டது லேசில பழுதாகிறதில்லை. பழுதாகிறது தண்ணி வெளியேத்துற பம், தண்ணி வாற வால்வு, மூடி சுவிச், எல்லாத்துக்கும் மேலால போர்ட், அதுதான் மெசினை இயக்கிற எலெக்ரோனிக் தட்டு. லேசில பழுதாகாத சாமானுக்கு 10 வருசம், பழுதாகிற சாமானுக்கு ஒரு வருசம், ஆனா ஸ்ரிக்கரில 10 மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. அதனால வாங்கேக்க கடைக்காரரிட்ட கேக்க வேண்டியது "எத்தினை வருசம்" எண்டில்லை, "போர்ட்டுக்கு எத்தினை வருசம், பம்முக்கு எத்தினை வருசம், வந்து பாக்கிற ஆளுக்குக் காசு கட்டவேணுமோ" எண்டுதான்.

வாங்கி ரெண்டாம் மாசம், பிள்ளையளின்ர பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையள் சவுக்காரத் தண்ணிக்குள்ள ஊறிக்கொண்டு கிடக்க மெசின் பீப் பீப் எண்டு கத்திக்கொண்டு நிண்டுட்டுது, தண்ணி வெளியால போகுதில்லை. கோப்பையால அள்ளி ஊத்தித்தான் உடுப்பை எடுத்தது. கடைக்குப் போன் எடுத்தா, "அக்கா, நாங்கள் விக்கிறது மட்டும்தான், கார்ட்டில கொம்பனி நம்பர் இருக்கு, அங்க கதையுங்கோ" எண்டாங்கள். கொழும்பில இருக்கிற கொம்பனிக்கு எடுத்தா முதல் சிங்களம், பிறகு இங்கிலீஷ், பிறகு பாட்டு, கடைசியாத் தமிழ் கதைக்கிற ஒரு பிள்ளை வந்து முறைப்பாட்டு நம்பர் ஒண்டு தந்து "ஆள் வருவார்" எண்டு சொல்லிச்சு. அந்தப் பிள்ளையில பிழை சொல்லேல்ல, நல்ல மரியாதையாத்தான் கதைச்சது. ஆள்தான் வரேல்ல. அடுத்த கிழமை, பிறகு அதுக்கடுத்த கிழமை, பிறகு பார்ட்ஸ் வரவேணும், பிறகு போயா (பௌர்ணமி) லீவு.

இந்த இழுபறியைச் சும்மா சேர்விஸ் சரியில்லை எண்டு விட்டிடக்கூடாது. இலங்கையில 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, அதின்ர 13ஆம் பிரிவில, குடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ற மாதிரி சாமான் இல்லாட்டி அதிகார சபைக்கு முறையிடலாம் எண்டு தெளிவா இருக்கு. விசாரிச்சுப் பாத்து எங்களில நியாயம் இருந்தா நட்டஈடு குடு, இல்லாட்டி சாமானை மாத்திக் குடு, இல்லாட்டி காசைத் திருப்பிக் குடு எண்டு கட்டளை போடுற அதிகாரம் அவைக்கு இருக்கு. அதோட இதில கொம்பனி மட்டும் இல்லை, வித்த வியாபாரியும் பொறுப்பு. ஆனா முறைப்பாட்டை எழுத்தில, சாமான் வாங்கி 3 மாசத்துக்குள்ள குடுக்க வேணும். இப்ப விளங்குதே, "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" எண்டு இழுக்க இழுக்க ஆருக்கு லாபம் எண்டு? கடைக்காரர் வேணுமெண்டு செய்யினமோ தெரியாமல் செய்யினமோ, இழக்கிறது நாங்கள்தான். எனக்கு இது சரியான கோபம், கார்ட்டில ஒரு வருசம் எண்டு போட்டிருக்க ஆரும் 3 மாசத்தை யோசிப்பினமே?

கடைசியா ரெக்னீசியன் வந்தார். வாசல்ல நிண்டே "உங்கட உப்புத் தண்ணிதான் அக்கா காரணம், அது வொறன்ரிக்குள்ள வராது" எண்டார். நான் கழட்டிக் காட்டச் சொன்னன். பம்மைக் கழட்டினா உள்ளுக்க உப்புமில்லை, காவியுமில்லை, விரலால சுத்த நல்லாச் சுத்துது. மீற்றரை வச்சுப் பாத்தா போர்ட்டில இருந்து பம்முக்குக் கறண்ட் வாறேல்ல. அப்ப போர்ட்தான் பிழை, உப்புத் தண்ணி எப்பிடிப் போர்ட்டுக்குள்ள போறது? உடன "அப்ப கறண்ட் கூடிக் குறைஞ்சு வந்திருக்கும்" எண்டு அடுத்த காரணம். "சரி தம்பி, அதையே ஒரு தாளில எழுதி, எப்பிடிக் கண்டுபிடிச்சது எண்டும் போட்டுக் கையெழுத்து வையுங்கோ" எண்டன். எழுதேல்ல, மேல கேட்டுச் சொல்லுறன் எண்டு போட்டார்.

இந்த உப்புத் தண்ணிக் கதையைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு நிலம், எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலின்ர அடியில வெள்ளையாப் படியிறது எல்லாருக்கும் தெரியும். இஞ்ச கடை வச்சு இஞ்சத்தைய சனத்துக்கு வோசிங் மெசின் விக்கிறவைக்கு அது தெரியாதே? இந்தத் தண்ணிக்கு ஒத்துவராதெண்டா விக்க முந்தி சொல்லவேணும், இல்லாட்டி ஃபில்டர் ஒண்டு பூட்டச் சொல்லவேணும். காசு வாங்கேக்க ஒண்டும் சொல்லாமல், பழுதானாப் பிறகு தண்ணியைக் குற்றம் சொல்லுறது நியாயமே இல்லை. வாங்கிறவர் என்ன தேவைக்கு வாங்குறார் எண்டு தெரிஞ்சு வித்தா அந்தத் தேவைக்கு உதவுற சாமானா இருக்கவேணும் எண்டது 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலயே கிடக்கு, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இண்டைக்கும் செல்லும். பில்லின்ர அடியில "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" எண்டு அடிச்சு வச்சு அந்தப் பொறுப்பில இருந்து கழரேலாது, 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் சாதாரண நுகர்வோரைக் காக்கத்தான் வந்தது.

நான் செய்தது பெரிய வேலை இல்லை. கடை முதலாளிக்குத் தமிழில ஒரு பக்கக் கடிதம்: வாங்கின திகதி, பில் நம்பர், மெசின்ர சீரியல் நம்பர், எப்ப பழுதானது, எப்பெப்ப போன் எடுத்தது, மீற்றரில என்ன கண்டது, எனக்கு என்ன வேணும், எந்தத் திகதிக்குள்ள வேணும். பதிவுத் தபாலில போட்டு, கொப்பி ஒண்டை கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) இருக்கிற நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை ஒபிஸுக்கும் குடுக்கப்போறன் எண்டு அடியில எழுதினன். சண்டை, ஏச்சு ஒண்டும் இல்லை. அதுவரைக்கும் "கொம்பனி, கொம்பனி" எண்டு நிண்ட கடையில இருந்து முதலாளியே போன் எடுத்து, "தங்கச்சி, இதுக்கேன் கடிதம், சொல்லியிருந்தாச் செய்திருப்பமே" எண்டார். சொன்னதைத்தானே ஐயா திருப்பித் திருப்பிச் சொன்னனான். புதுப் போர்ட் வந்து பூட்டியாச்சு, கூலி, போக்குவரத்து எண்டு ஒரு சதமும் எடுக்கேல்ல. போர்ட் மாத்தின திகதியைக் கார்ட்டில எழுதிச் சீல் அடிச்சுத் தரச் சொல்லி வாங்கினன், திரும்பப் பழுதானா அதுதான் சாட்சி.

சாமான் எடுக்கப் போறவைக்கு இன்னும் கொஞ்சம். பில் இல்லாமல் எடுத்தாக் குறைச்சுத் தாறம் எண்டா வேண்டாமெண்டு சொல்லுங்கோ, கேட்டாப் பில் குடுக்கவேணும் எண்டது சட்டம். இப்பத்தைய பில் வெக்கைக்கு அழிஞ்சுபோற தாள், அண்டைக்கே போனில படம் எடுத்து வையுங்கோ. வெளிநாட்டில இருந்து அண்ணனோ தம்பியோ காசு அனுப்பினாலும் பில்லை இஞ்ச இருக்கிற ஆளின்ர பேரில போடுங்கோ, கனடாவில இருக்கிறவர் வந்து கச்சேரியில கையெழுத்து வைக்கேலாது. கார்ட்டில இருக்கிற சீரியல் நம்பரும் மெசின்ர பின்பக்க ஸ்ரிக்கரில இருக்கிறதும் ஒண்டோ எண்டு டெலிவரி பெடியள் நிக்கேக்கயே பாருங்கோ. என்ன செய்யிறது எண்டு தெரியாட்டி 1977க்கு அடிச்சுக் கேளுங்கோ, அது அதிகார சபையின்ர நம்பர். 3 மாசம் கடந்திட்டுதெண்டாலும் கைவிட வேண்டாம், மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்க முதலாளியையும் எங்களையும் ஒண்டா இருத்திக் கதைப்பினம்.

மெசின் இப்ப நல்லா ஓடுது, உடுப்பும் நல்லாத் தோயுது, அதை மறைக்கத் தேவையில்லை. கடையைப் பொறுத்தவரைக்கும் விலைக்கும் டெலிவரிக்கும் 5க்கு 4, வித்த பிறகு கவனிக்கிறதுக்கு 1, அந்த ஒண்டும் கடிதம் போன பிறகு செய்ததுக்கு. அம்மாவுக்கு இந்த வருசம் ஒரு பிரிஜ் எடுக்கவேணும். இஞ்ச யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னக் கடை இருக்கு, விலை கொஞ்சம் கூட, ஆனா திருத்துற ஆளைத் தாங்களே வச்சிருக்கினம், கார்ட்டில தங்கட போன் நம்பரைத்தான் எழுதித் தருவினம். அங்கதான் எடுக்கிற யோசனை.