செஃபாரியாவை வைத்து எபிரேய வகுப்பு நடத்துகிறேன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி வகுப்பில் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் படித்துக்கொண்டிருந்தோம். "தேவனாகிய கர்த்தர் மனுஷனைப் பூமியின் மண்ணினாலே உருவாக்கி" என்கிற ஏழாம் வசனம். வகுப்பிலேயே மூத்தவரான உபதேசியார் ஐயா, "டீச்சர், இந்த 'உருவாக்கி'ல யோத் எழுத்து ரெண்டு தடவ வருது. பத்தொம்பதாம் வசனத்துல மிருகங்களுக்கும் அதே வார்த்தைதான். ஆனா அங்க ஒரு யோத்தான் இருக்கு. அச்சுப்பிழையா?" என்று கேட்டார்.

நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் 'உருவாக்கி'தான். மூலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திரையில், யூத நூல்களை இலவசமாகத் தரும் செஃபாரியா தளம் திறந்திருந்தது. ஏழாம் வசனத்தைத் தொட்டேன். பக்கத்தில் ஒரு பலகை விரிந்து, அந்த வசனத்துக்கு உரை எழுதியவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. முதலில் ராஷி. 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர், பிரான்சின் ட்ருவா நகரத்துக்காரர். குறளுக்குப் பரிமேலழகர் எப்படியோ, யூதர்களின் வேதத்துக்கு இவர் அப்படி. உபதேசியார் ஐயா கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் எடுத்துக்கொள்கிறார். மனிதனுக்கு இரண்டு உருவாக்கம், இந்த உலகத்துக்கு ஒன்று, மரித்தோர் உயிர்த்தெழும்போது ஒன்று. நியாயத்தீர்ப்புக்கு நிற்காத மிருகங்களுக்கு இரண்டாவது யோத் இல்லை என்கிறார். அப்படியே பலகையில், யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதுக்குப் போனால், அதில் பெராகோத் என்ற பகுதியின் 61-ஆம் தாளில் வேறொரு விளக்கம்: இரண்டு யோத் என்பது மனிதனுக்குள் இருக்கும் நல்ல நாட்டம், கெட்ட நாட்டம் இரண்டையும் காட்டுகிறது.

இலக்கணப்படி இரண்டு யோத் வருவதுதான் முறை. ஒன்று வேரெழுத்து, இன்னொன்று முன்னொட்டு. மிருகங்களுக்கு வருவதுதான் குறைந்த வடிவம். அதையும் சொன்னேன். ஆனால் அன்றைக்கு வகுப்பில் எல்லோருக்கும் மனதில் நின்றது, ஒரே ஓர் எழுத்துக்காக இத்தனை நூற்றாண்டு பேசியிருக்கிறார்களே என்பதுதான்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஓர் இறையியல் கல்லூரியில் 12 வருடமாக எபிரேயம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு தனி. வீடியோவில் எட்டுப் பேர். உபதேசியார்கள் இரண்டு பேர், ஒரு நர்ஸ், பேங்க்கில் ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், மீதி கல்லூரிப் பிள்ளைகள். "எந்த வெப்சைட்டைப் பார்க்கலாம் டீச்சர்?" என்று கேட்காத ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செஃபாரியா ஒரு லாப நோக்கற்ற அமைப்பின் தளம். 2011-இல் ஜோஷுவா ஃபோயர் என்ற எழுத்தாளரும், கூகுளில் வேலை பார்த்த பிரெட் லாக்ஸ்பைசரும் தொடங்கியது. தோரா (மோசேயின் ஐந்து புத்தகங்கள்), தீர்க்கதரிசிகள், மிஷ்னா (பழைய யூதச் சட்டத் தொகுப்பு), தல்மூத், மித்ராஷ் (ரபிகளின் வேத விளக்கங்கள்), உரைகள் எல்லாம் இலவசம். மூலமும், பலவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் அருகருகே வரும். நூல்கள் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டிருப்பதுதான் இதன் உயிர். ஒரு வசனத்தை யார் யார் எங்கெங்கே எடுத்தாண்டார்கள் என்று பார்க்க முன்பெல்லாம் நூலகத்தில் பத்துப் புத்தகத்தை மேஜையில் விரித்துப் போட வேண்டும். இப்போது ஒரு தொடுகைதான்.

தல்மூதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரபி அடின் ஸ்டைன்சால்ட்ஸ் 1965-இல் தொடங்கி 2010 வரை முழு தல்மூதுக்கும் நவீன எபிரேயத்தில் விளக்கம் எழுதி முடித்தார். அதை ஒட்டிய ஆங்கிலப் பதிப்பை 2017-லிருந்து செஃபாரியாவில் இலவசமாகப் படிக்கலாம்; வில்லியம் டேவிட்சன் அறக்கட்டளை கொடுத்த பணத்தில் அது நடந்தது. இந்தப் பதிப்பில் மூலத்தில் உள்ள வார்த்தைகள் தடித்த எழுத்திலும், புரிவதற்காகச் சேர்த்த வார்த்தைகள் சாதாரண எழுத்திலும் இருக்கும். வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். தல்மூதின் அரமேய மொழி தந்தி மாதிரி சுருக்கமானது. மூலம் எவ்வளவு, விளக்கம் எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்துப் பார்க்க முடிவது பெரிய உதவி. தெரியாத சொல்லைத் தேர்ந்தெடுத்தால் அகராதியும் அங்கேயே வரும், தல்மூத் மொழிக்கென்று 1903-இல் முழுமையாக வெளிவந்த யாஸ்ட்ரோ அகராதி உட்பட.

எனக்கு அதிகம் பயன்படுவது பாடத்தாள் வசதி. வேண்டிய வசனங்களையும் உரைகளையும் எடுத்து ஒரே தாளில் அடுக்கி, நடுநடுவே நம் கேள்விகளை எழுதலாம். நான் தமிழில்தான் எழுதுகிறேன். இணைப்பை வாட்ஸ்அப்பில் போட்டால் போதும். அச்செடுக்கவும் செய்யலாம், அண்ணாச்சி ஒவ்வொரு வாரமும் அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் உச்சரிப்பு எழுதிவைத்துக்கொள்வார். மற்றவர்கள் பகிர்ந்த தாள்களும் தளத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் நல்லதும் சுமாரும் கலந்திருக்கும். ஒருமுறை மூலத்தோடு சரிபார்த்துவிட்டு எடுங்கள்.

தமிழ் வேதாகமம் படித்துவிட்டு வருபவர்கள் முதல் வாரமே ஓர் இடத்தில் தடுக்கி விழுவார்கள். வசன எண் பல இடங்களில் ஒத்துப்போகாது. "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" நமக்கு சங்கீதம் 51:10. எபிரேயத்தில் தலைப்பையும் வசனமாக எண்ணுவதால் அது 51:12. எங்கள் நர்ஸ் தங்கச்சி பத்தாம் வசனத்தைத் திறந்துவைத்துக்கொண்டு 'லேவ்' (இருதயம்) என்ற சொல்லை அரைமணி நேரம் தேடியிருக்கிறாள், பாவம். மல்கியா நமக்கு நாலு அதிகாரம், அவர்களுக்கு மூன்று. நமக்கு யோவேல் 3 என்பது அங்கே யோவேல் 4. புத்தக வரிசையும் வேறு, நாளாகமம்தான் கடைசி. இது தளத்தின் குறை இல்லை. யூதர்களின் வேதாகமமே அப்படித்தான். பழக ஒரு மாதம் ஆகும்.

குறை என்றால், தமிழ் கிடையாது. தளத்தின் இடைமுகம் ஆங்கிலத்திலும் எபிரேயத்திலும்தான். ஆங்கிலம் சரளமாக வராத உபதேசியார்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும். இன்னொன்று, அச்சிட்ட தல்மூதில் நடுவில் மூலமும் ஒரு பக்கம் ராஷியும் மறுபக்கம் தோசஃபோத் என்ற உரையும் சுற்றி நிற்கும் அந்த அழகு. செஃபாரியாவில் அது துண்டு துண்டாகக் கீழே இறங்கிவிடுகிறது. பக்கத்தின் முகம் தெரியாமல் படிப்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

முக்கியமாக, எழுத்து தெரியாதவர்களுக்கு இது பள்ளிக்கூடம் இல்லை. செஃபாரியா நூலகம். நூலகத்தில் போய் உட்கார்ந்தால் யாரும் ஆலெப், பேத் சொல்லித்தர மாட்டார்கள். அந்த எழுத்துப் பெயர்கள் நமக்குப் புதிதும் இல்லை. நம் சங்கீதம் 119-இல் எட்டு வசனத்துக்கு ஒருமுறை தலைப்பாக நிற்கின்றனவே, அவைதான் 22 எபிரேய எழுத்துகள். புதிதாகத் தொடங்குபவர்களை நான் யூடியூபில் 'ஆலெஃப் வித் பெத்' பார்க்கச் சொல்கிறேன். படம், பொருள், சைகை என்று காட்டி, எபிரேயத்திலேயே பேசி எபிரேயம் கற்றுத்தருகிறார்கள். ஆங்கிலம் வராதவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. காசும் இல்லை.

ஒரு வருடச் சந்தா கட்டி நான் வாங்கிய செயலி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒரு பாடத்தில் குறிலையும் நெடிலையும் மாற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. மறுவருடம் சொல்லாமல் கொள்ளாமல் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பணம் கட்டினால்தான் தரம் என்று நினைக்காதீர்கள். இந்தத் துறையில் நல்லவை பெரும்பாலும் இலவசம்.

வினைச்சொல் வாய்பாட்டுக்கு 'பீலிம்' தளம். நவீன எபிரேயம்தான், ஆனாலும் எந்த அசையில் அழுத்தம் என்று காட்டுவதால் வைத்திருக்கிறேன். வேதாகமத்தை வாசித்துக் கேட்க 'மெகோன் மாம்ரே'. பழைய காலத்துத் தோற்றம், சட்டென்று திறக்கும், எங்கள் ஊர் நெட்வொர்க்குக்கு ஏற்றது. உயிர்க்குறி (உயிரொலியைக் காட்டும் புள்ளிகள்) இல்லாத பாட்டையோ கடிதத்தையோ படிக்க வேண்டுமென்றால் 'டிக்டா'வின் நக்தான் என்ற கருவி தானாகவே குறி போட்டுத்தரும். தவறு என்று பட்டால் அந்தச் சொல்லைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த பாடத்தாள் எதுவென்றால் 1 இராஜாக்கள் 10:22. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் 'துக்கீயீம்' என்று ஒரு சொல். நம் மொழிபெயர்ப்பில் மயில்கள். இது தமிழ்த் 'தோகை'யிலிருந்து போயிருக்கலாம் என்று கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில் எழுதினார். அது மயில்தானா, வேறு மிருகமா என்பதில் இன்றும் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறேன். இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி. கால்டுவெல் இருந்த இடையன்குடி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். பிள்ளைகளுக்கு அதில் ஒரு பெருமை.

ஒன்றை மட்டும் என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன். இவை ஒரு சமூகம் இன்றும் தினமும் படிக்கிற புத்தகங்கள். தல்மூதில் தினம் ஒரு தாள் என்று 1923-இல் தொடங்கிய வழக்கத்தில், 2,711 தாள்களை ஏழரை வருடத்தில் முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார்கள். நம் பிரசங்கத்துக்கு ஒரு வரி கிடைத்தால் போதும் என்று பிய்த்து எடுக்கக் கூடாது. முன்னும் பின்னும் படியுங்கள். எதிர்வாதத்தையும் படியுங்கள்.

வருகிற செவ்வாய்க்கு யோனா. இங்கேயும் எண் மாறும்; நமக்கு 1:17, அங்கே 2:1. அந்த வசனத்தில் மீன் 'தாக்', ஆண்பால். அடுத்த வசனத்தில் 'தாகா', பெண்பால். முதலில் ஆண் மீனுக்குள் இடம் தாராளமாக இருந்ததால் யோனா ஜெபிக்கவில்லை. பிறகு குஞ்சுகள் நிறைந்த பெண் மீனுக்குள் போய் நெருக்கடியில் ஜெபித்தான் என்கிறார் ராஷி. தமிழில் மீன் வெறும் மீன்தான். பாடத்தாளில் அந்த இரண்டு சொல்லையும் பெரிதாகப் போட்டு, கீழே கேள்வியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். ராஷியை இன்னும் சேர்க்கவில்லை. முதலில் உபதேசியார் ஐயா கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.