டோனாவூர் வழியா, வேலூர் வழியா?

1895இல் இந்தியா வந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளைத் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் வளர்த்தார். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, காய்ச்சலில் கண்விழிப்பது என்று அன்றாட வேலைதான் அவருடைய ஊழியம். பிள்ளைகளுக்கு அவர் ‘அம்மா’. 1951இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவே இல்லை.

அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் வேறு மாதிரி. 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு சிறு மருத்துவகம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. தான் ஒருத்தி போதாது, இன்னும் பலரை உருவாக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பலன் பெற்றவர்கள் இங்கேதான் அதிகம்.

ஆனாலும், சேவையை எங்கே தொடங்குவது என்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் டோனாவூர் வழியைத்தான் சொல்வேன். பட்டம், கட்டடம், நன்கொடை எதுவும் கையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு வாராவாரம் மருந்து வாங்கிக் கொடுக்கலாம், அதுவும் விடாமல்.