"88" காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கோ

வன்னியில் கழகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஸ்கோர் போர்ட் செய்கிற பிள்ளைகள் இதை வாசித்துவிட்டுச் சாமான் வாங்கப் போங்கோ. வவுனியாக் கடையொன்றில் எங்களுக்கு நடந்தது இது.

புதுக்குடியிருப்பில் எங்கள் கழகத்தின் கரப்பந்தாட்டப் போட்டிக்கு 4 அங்குல எல்.இ.டி இலக்கங்கள் தேவைப்பட்டன. ஏழு கோடுகளில் வேண்டியதை எரித்து எண்ணைக் காட்டுகிறவை அவை. அந்த அளவில் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பல எல்.இ.டி தொடராக இருக்கும். 5 வோல்ட்டில் எரியாது, 12 வோல்ட் வேண்டும். இலக்கங்களை இயக்குகிற ஆர்டுயினோ உனோ என்ற சின்னக் கணினிப் பலகையின் ஒரு கால் 40 மில்லி அம்பியருக்கு மேல் தாங்காது. ஆகவே நடுவில் கூடிய மின்னைத் தாங்குகிற நல்ல டிரைவர் சிப் வேண்டும் என்று விளங்கப்படுத்தித்தான் கேட்டோம்.

"டிபிஐசி6பி595 போட்ட போர்ட் தம்பி, பயப்பிடாமல் கொண்டு போங்கோ" என்றார் கடைக்காரர். அந்தச் சிப்பின் ஒவ்வொரு வெளியீடும் 150 மில்லி அம்பியர் இழுக்கும், 50 வோல்ட் தாங்கும். விலையும் அதற்கேற்றபடிதான் எடுத்தார். மேசையில் வைத்து "11" எரித்துக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது.

போட்டியன்று புள்ளி 8 வந்ததும் இலக்கம் மங்கியது. அணைந்திருக்க வேண்டிய கோடுகளும் இலேசாக ஒளிர்ந்தன. 18 வரும்போது போர்ட் முழுவதும் செத்துவிட்டது. 12 வோல்ட் பின்பக்கமாக ஏறி உனோவும் போய்விட்டது.

சிப்புகளின் மேல் ஒட்டியிருந்த அலுமினியத் துண்டுகளைக் கழற்றினால், உள்ளே இருந்தது சாதாரண 74எச்சி595. மொத்தமாகவே 70 மில்லி அம்பியர்தான் அதன் எல்லை. கோட்டுக்கு 20 மில்லி அம்பியர் என்று வைத்தால் "1"க்கு 40 போதும். "8"க்கு ஏழு கோடும் எரிய வேண்டும், 140. கடைக்காரர் "11"ஐத் தெரிந்தெடுத்துக் காட்டியதன் காரணம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிப்பில் அடித்திருந்த இலக்கத்தை மறைக்கத்தான் அலுமினியமும்.

திருப்பிக் கொண்டுபோனால், "நீங்கள் வயரை மாறிக் குடுத்திருப்பியள்" என்கிறார். பில்லில் "எல்.இ.டி போர்ட்" என்று மட்டும் எழுதி, அடியில் "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று அடித்திருக்கிறார்கள். பெடியள் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு அது. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

சிப்பின் கால்களை எண்ணுங்கோ: டிபிஐசி6பி595க்கு 20, 74எச்சி595க்கு 16. இதை எந்த ஒட்டாலும் மறைக்க முடியாது. டிபிஐசி மின்னைக் கீழே இழுக்கிற சிப், யூஎல்என்2803 என்ற டிரைவர் சிப்பும் அப்படித்தான். அதனால் பொது அனோட் இலக்கமாக, அதாவது எல்லாக் கோடுகளின் பிளஸ் பக்கமும் ஒன்றாகச் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கோ. இலக்கங்களை எரிக்க மாக்ஸ்7219 என்ற சிப் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், அது 5.5 வோல்ட்டுக்கு மேல் போகாது. கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து "88"ஐக் கொஞ்ச நேரம் எரியவிட்டுச் சிப்பைத் தொட்டுப் பாருங்கோ. சிப்பின் இலக்கத்தைப் பில்லில் எழுதுவியுங்கோ. எழுத மறுத்தால் வாங்காதையுங்கோ. வாங்கி ஏமாந்தவர்கள் பில்லோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கோ. நாங்களும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.